அடா என்றொரு பட்டம்

ரத்னபாயை முதன்முதலாக ஒருவர் "அடா" என்று கூப்பிட்டபோது அவள் கையில் சாக்பீஸ் இருந்தது. எடுத்து எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் கை பரபரத்தது.

கூப்பிட்டவர் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், தலை முழுக்க நரைத்த மனிதர். வருடம் 1977. இடம் நைஜீரியா. ஓனிட்சா பட்டணத்திலிருந்து செம்மண் ரோட்டில் ஒரு மணி நேரம் போனால் வரும் பெண்கள் பள்ளிக்கூடம். பாறசாலைக்குத் தெற்கே எல்லையோரத்து ஊரில் பிறந்து, நெய்யாற்றின்கரையில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் சுந்தரதாசோடு விமானமேறிப் போன கணக்கு டீச்சர் ரத்னபாய்க்கு அங்கே அது இரண்டாவது வாரம். முந்தின நாள்தான் ஆசிரியர் அறையில், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்திருந்தார்கள். நான்தான் மூத்தவள், எனக்குக் கீழே ஒரு தங்கை, இரண்டு தம்பிமார் என்று சொல்லியிருந்தாள். விடிந்து பார்த்தால் வாட்ச்மேன் முதல் ஹெட்மிஸ்ட்ரஸ் வரை ஒரே "அடா! அடா!"

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கட்டிலில் எறிந்தாள்.

"நான் எனக்க தம்பிமாரைக்கூட எடாண்ணு விளிச்சதில்ல. ஒரு பொம்பிளையப் பிடிச்சு அடாவாம்!"

சுந்தரதாஸ் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எடீண்ணு விளிக்கல்லியே. ஒன்னைய ஆம்பிளையாக்கிட்டானுவ. சந்தோசப்படு."

அந்த எரிச்சல் மூன்று நாள் நீடித்தது. நாலாம் நாள் ஒபியகெலிதான் அதைத் தீர்த்து வைத்தாள். அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு ஒபியகெலி அக்கா. சந்தையில் நிலக்கடலை விற்பவள். ரத்னபாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, முழங்கால் வரை புழுதியோடு வாசற்படியில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினாள். இக்போ பாஷையில் அடா என்றால் ஒரு குடும்பத்தின் மூத்த மகள். மூத்த மகள் என்று சொன்னால் மட்டும் போதாது. அது ஒரு பட்டம். யாரும் கொடுக்க வேண்டாம், யாராலும் பறிக்கவும் முடியாது. கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாலும் அவள் பிறந்த வீட்டுக்கு அடாதான். ஒபியகெலியும் ஓர் அடா.

"ஒன் தம்பி பெரிய சிமெண்டு வியாபாரி. நீ கடலை விக்கிற. அப்பவும் நீயா பெரியவ?" என்று ரத்னபாய் கேட்டாள்.

ஒபியகெலி அந்தக் கேள்வியே புரியாதவள் போலப் பார்த்தாள்.

அன்றைக்கு ரத்னபாய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். இக்போ சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கினாள். ஆட்களைக் குறிக்கும் சொற்கள்தான் அதிகம். எத்தனை சொல்! ஒவ்வொன்றையும் திறந்தால் உள்ளே ஓர் ஊரே குடியிருந்தது. ஒகரன்யா: பெரிய பணக்காரன். ஒபியகெலியின் தம்பியைப் போல. என்ஸே: பட்டம் கட்டிய பெரியவர், சிவப்புத் தொப்பி, அதில் கழுகின் இறகு, அவர் வாயிலிருந்து பொய் வரக் கூடாது. ஒக்பெனியே: ஏழை. இந்தச் சொல்லை எழுதும்போது அவளுக்குப் பேனா நின்றுவிட்டது. 'ஊர் யாருக்குக் கொடுக்கிறதோ அவன்' என்பது அதற்கு ஒபியகெலி சொன்ன அர்த்தம். இல்லாதவனைச் சொல்லும் சொல்லுக்குள்ளேயே கொடுக்க வேண்டிய ஊரையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறார்களே என்று அன்றிரவு சுந்தரதாசிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். எல்லாச் சொல்லும் அப்படியில்லை. ஓசு என்று ஒன்றை ஒபியகெலி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், கூடச் சம்பந்தம் வைக்க மாட்டார்கள். ரத்னபாய் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. அப்படிக் குரல் தாழ்த்திச் சொல்லும் சொற்கள் நெய்யாற்றின்கரையிலும் உண்டு.

ஆனால் அவளை ஆட்டிப் படைத்த சொல் வேறொன்று. உமுஅடா.

அதை அவள் கேட்டறியவில்லை, கண்ணால் கண்டாள். சிமெண்டு வியாபாரியும் அவருடைய தம்பியும் ஒரு நிலத்துக்காக அடித்துக்கொண்டார்கள். தம்பி சாதாரண ஆளில்லை, சிவப்புத் தொப்பி வைத்த என்ஸே. பெரியவர்கள் கூடிப் பேசியும் தீரவில்லை. ஒருநாள் காலையில் லாரியிலும் சைக்கிளிலும் நடந்தும் பெண்கள் வந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்து வெளியூர்களுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட மகள்கள். நாற்பது பேருக்குக் குறையாது. இப்படி வரும் மகள்களின் கூட்டத்துக்குத்தான் உமுஅடா என்று பெயர். பாயை விரித்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சண்டை தீரும்வரை தண்ணீர்கூடத் தொட மாட்டோம். எழுந்திருக்கவும் மாட்டோம். முன்வரிசையில் ஒபியகெலி. இரண்டாம் நாள் மத்தியானம் சிமெண்டு வியாபாரி ஒரு பக்கமும் என்ஸே மறு பக்கமுமாக வந்து, நிலக்கடலை விற்கிற அந்த அக்காவின் முன்னால் தலை குனிந்து நின்றார்கள். என்ஸே தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த ரத்னபாய்க்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினொரு வருடம் அந்த நாட்டில் இருந்தாள். வேறெதுவும் அவளை அப்படி வாயடைக்க வைக்கவில்லை.

1988இல் ஊர் திரும்பினார்கள். நெய்யாற்றின்கரையில் வீடு கட்டினார்கள். ஊருக்கு அவள் 'நைஜீரியா டீச்சர்' ஆனாள். பிறந்த வீட்டுக்கு மட்டும் அவள் வேறொன்றாக இருந்தாள்: 'கெட்டிச்சுக் குடுத்தவ.' வந்தால் காப்பி உண்டு, நல்ல மீன் வாங்கி வறுத்துக் கொடுப்பார்கள், போகும்போது ஒரு தார் மட்டி வாழைப்பழம்கூடக் கட்டிக் கொடுப்பார்கள். வீட்டுக் காரியம் பேச்சில் வந்தால் மட்டும், எல்லோருக்கும் திடீரென்று அவள் பஸ் எத்தனை மணிக்கு என்பது ஞாபகம் வந்துவிடும்.

அப்படியிருக்கையில்தான் குடைச் சண்டை வந்தது.

ரத்னபாயின் அப்பா, தேவாலயமான ஊர்ப் பள்ளியில் செபஸ்தியார் திருநாளுக்கு நேர்ந்துகொண்டு செய்த பட்டுக்குடை அது. சிவப்புப் பட்டு, ஓரத்தில் பொன்னிறக் குஞ்சம், நாலு பேர் நிற்கலாம். வருடா வருடம் சப்பரத்தின் பின்னால் அப்பாதான் பிடிப்பார். மற்ற நாட்களில் வீட்டு மச்சில் துணி சுற்றிக் கிடக்கும். 1992இல் அப்பா இறந்தார். அடுத்த திருநாளுக்குக் குடை பிடிக்க வேண்டிய மூத்த மகன் ஜஸ்டஸ் காய்ச்சலில் படுத்திருந்தார். போர்வையைப் போர்த்திக்கொண்டு பள்ளி முற்றத்துக்கு வந்து சேர்வதற்குள் சப்பரம் கிளம்பிவிட்டது. குடை இளையவன் ரெத்தினதாஸின் கையில். ஊரே பார்க்க அவன் அப்பாவைப் போலவே நிமிர்ந்து நடந்து போனான்.

அவ்வளவுதான். ஜஸ்டஸ் தம்பியோடு பேச்சை நிறுத்தினார். அப்பாவின் பழைய வீடு ஜஸ்டசுக்கு; ரோட்டைப் பார்த்தது. பின்பக்கம் ரெத்தினதாஸ் கட்டிய வீடு. நடுவில் ஓடும் ஒற்றைப் பாதைக்குக் குறுக்கே ஜஸ்டஸ் வெட்டுக்கல் அடுக்கி, நெஞ்சளவுக்கு மதில் எழுப்பினார். பாறசாலையில் மரக்கடை வைத்திருந்த ஜஸ்டசுக்கு ஆளும் கல்லும் வர ஒரு நாள்கூட ஆகவில்லை. பஸ் கண்டக்டரான ரெத்தினதாஸ் மூன்று வருடமாகப் பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துச் சேறு வழியாகத்தான் வேலைக்குப் போய்வந்தான். குடை அவனுடைய மச்சில்.

1996 நவம்பர். ரெத்தினதாசின் மகள் டீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பள்ளியில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. இன்னும் ஒன்பது நாள். மாப்பிள்ளை வீட்டார் எந்த வழியாக வருவார்கள்? கல்யாணப் பெண் சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரச்சீனி மூட்டில் இறங்கிப் போவாளா? ரத்னபாய் ஜஸ்டசிடம் போய் ஒருமுறை கேட்டாள். ஜஸ்டஸ் அமைதியாகத்தான் பதில் சொன்னார்.

"அக்கா, நீ கெட்டிப் போனவ. இது இந்த வீட்டுக் காரியமாக்கும். ஒனக்கு நாலரைக்கு பஸ் உண்டு."

பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. ஒபியகெலியின் புழுதி படிந்த கால்கள் ஞாபகம் வந்தன.

மறுநாள் ஆரியங்கோட்டுக்குப் போனாள். தங்கை ப்ளோரன்ஸ் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க போய் என்னத்தச் சொல்லுறது? நம்ம சொல்லு ஆரு கேப்பா?" என்றாள் ப்ளோரன்ஸ்.

"ஒண்ணும் சொல்லண்டாம். போய் இருந்தாப் போதும்."

"இருந்தா?"

"இருந்தா அவன் எந்திரிச்சாகணும்."

அடுத்தது விஜயம்மா. சித்தப்பாவின் மகள், அங்கன்வாடி டீச்சர், வாய்க்காரி. சித்தப்பா குடும்பம் இந்துக்கள், கோயிலுக்குப் போகிறவர்கள்.

"பள்ளிக் குடைக்கு நடக்கிய சண்டையில எனக்கு என்ன காரியம் ரத்னக்கா?"

"நீ பொறந்தது நம்ம குடும்பத்திலயா, கோயில்லயா?"

விஜயம்மா கொஞ்சம் யோசித்தாள். "செரி. பாய் நான் கொண்டாறேன். ஒங்க வீட்டுப் பாயெல்லாம் மூட்டைப்பூச்சி."

இப்படியாக அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் போனால் முறையாகாது என்று ரத்னபாய்க்குத் தோன்றியது; ஓனிட்சாவிலும் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். சுந்தரதாசைத் தூது அனுப்பினாள். சனிக்கிழமை உமுஅடா வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

சுந்தரதாஸ் திரும்பி வந்தபோது செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றார்.

"சொன்னியளா?"

"சொன்னேன்."

"என்ன பறஞ்சான்?"

"வெட்டுவேம்ணு பறஞ்சான்."

நடந்தது இதுதான். உமுஅடா என்று எழுதலாம். தமிழ் நாக்கில் வேகமாகச் சொன்னால் நடுவில் ஒரு 'வ' தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சுந்தரதாஸ் ஜஸ்டசின் முற்றத்தில் நின்று, "அளியா, அக்கா ஒண்ணு சொல்லி விட்டிருக்கா. சனிக்கிழமை, உமுவாடா!" என்றிருக்கிறார். ஜஸ்டஸ் காதில் விழுந்தது, "சனிக்கிழமை... உம், வாடா!"

"ஆரை வாடாண்ணு விளிக்கா? எனக்க அக்காளா என்னைய வாடாங்கா? வாறேண்ணு சொல்லும் அத்தான்! சனிக்கிழமை வந்து வெட்டுவேன்!"

"எலே, அது நைஜீரியா பாசையாக்கும்" என்று சுந்தரதாஸ் கத்தியது மதிலில் முட்டித் திரும்பியிருக்கிறது.

ரத்னபாய் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சாக்பீசோடு தான் நின்ற நிலை அப்படியே தம்பிக்கும் வந்திருந்தது.

சனிக்கிழமை காலை, முதல் பூசை முடிந்த கையோடு ஒன்பது பெண்களும் பிறந்த வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, மதிலுக்கு முகம் பார்த்து உட்கார்ந்தார்கள். ஜஸ்டஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"வாடாண்ணு விளிச்சியே, இன்னா வந்துட்டேன். சண்டைக்கு ஆளும் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"அது விளி இல்ல மக்கா, பேரு. வீட்டில மூத்த மக அடா. வீட்டில பொறந்த பெண்ணுவ கூடி வந்தா அதுக்குப் பேரு உமுஅடா" என்றாள் ரத்னபாய்.

"கெட்டிச்சுக் குடுத்தவளுவளுக்கு இந்த முத்தத்தில என்ன காரியம்?"

"ஒரு காரியமும் இல்லண்ணா" என்றாள் விஜயம்மா. "இருக்க வந்தோம். பாய்கூட எங்க பாய்தான். ஒங்களுக்குச் செலவு இல்ல."

ஜஸ்டசின் மனைவி ஒன்பது டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. ஆடை படிந்து, ஈ மொய்த்து, காப்பி அப்படியே ஆறியது. அந்த ஊரில் பிறந்த வீட்டுக் காப்பியைப் பெண் குடிக்காமல் வைப்பது என்றால் அது சின்ன விஷயமில்லை. ஜஸ்டசின் முகம் முதன்முதலாகச் சற்று மாறியது. ஆனால் அவர் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்து மரக்கடைக்குப் போய்விட்டார்.

ரத்னபாய் ஸ்கூட்டர் போன திசையைப் பார்த்தாள். அங்கே ஊருக்கே அந்தச் சொல் தெரியும். உமுஅடா வந்து உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே? இங்கே அது ஒரு நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கிற சொல். ஆள் கடைக்குப் போய்விட்டால், ஒன்பது பெண்கள் வெயிலில் உட்கார்ந்த வேடிக்கையாக முடிந்துவிடும். டீனா சேற்றில்தான் இறங்க வேண்டும்.

"ரத்னக்கா, ஒங்க நைஜீரியாவில இப்பிடி ஆளு ஸ்கூட்டர்ல போனா என்ன செய்வாவ?" விஜயம்மா மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல்ல. அங்க ஆரும் போகல்ல."

"நல்ல ஆளுகிட்ட வந்து மாட்டினோம்."

ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. முட்டுவலிக்காரியான ப்ளோரன்ஸ்கூட அசையவில்லை. அதைப் பார்த்து ரத்னபாய்க்கே பிரமிப்பாக இருந்தது. இந்தப் பெண்களுக்கு அவள் ஒரே ஒரு சொல்தான் கொடுத்திருந்தாள். சொல்லைக் கேட்டதுமே இவர்கள் எப்படி இப்படி உட்காரத் தெரிந்துகொண்டார்கள்?

மத்தியானம் தாண்டியது. மூன்று மணிக்கு வானம் இருண்டது. துலாம், அதாவது ஐப்பசி மாதம் முடிந்தும் விடாத இடிமழை. முதல் துளி விழும்போதே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஜஸ்டஸ் தொப்பலாக நனைந்து வந்து இறங்கினார். கடைக்கு வந்தவனெல்லாம், 'அக்கா தங்கச்சிமாரு முத்தத்தில இருக்கியாவ, நீரு இஞ்ச மரம் அளக்கீரா?' என்று கேட்டுக் கேட்டு அவரை இருக்கவிடவில்லை என்பது பிறகு தெரியவந்தது.

"உள்ள கேறுங்க எல்லாரும்! இடி வெட்டுது!"

ஒருத்தியும் அசையவில்லை. பாயின் மேல் தண்ணீர் ஓடியது.

"அக்கா! ஒனக்கு மூச்சுமுட்டு உண்டு, நனையாத! எனக்க அக்கால்லா, கேறிவா!"

ரத்னபாய் கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்தால் முடிந்தது.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் சிவப்பாக ஒன்று விரிந்தது.

ரெத்தினதாஸ். மச்சிலிருந்து அப்பாவின் பட்டுக்குடையை இறக்கி, மழையில் விரித்து, இரண்டு கையாலும் மதிலுக்கு மேலாக நீட்டிக்கொண்டிருந்தான். சகோதரிகளுக்கு மேல் பிடிக்கத்தான் பார்த்தான், எட்டவில்லை. குடை நடுவானில் தள்ளாடியது. திருநாள் அன்றைக்குத் தூறல் விழுந்தாலே அப்பா மடக்கிவிடுகிற பட்டு, பேய்மழையில் நனைந்து கனத்தது. குஞ்சங்களிலிருந்து நீர் சொட்டியது.

ஜஸ்டஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குடையையும் பார்த்தார், மதிலுக்கு மேல் எட்டி நீண்ட தம்பியின் கையையும் பார்த்தார். பிறகு இரண்டே எட்டில் மதிலண்டை போய்க் குடைக்கம்பைப் பிடித்தார். ஒரு கணம் இரண்டு பேர் கையும் ஒரே கம்பில் இருந்தன. ரெத்தினதாஸ் விட்டான்.

குடையை வாங்கிய ஜஸ்டசுக்கு அதைப் பிடிக்க ஒரே விதம்தான் தெரியும். அப்பா பிடித்த விதம். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் கம்பைத் தலைக்கு மேல் உயர்த்தி, சப்பரத்தில் வரும் புனிதருக்குப் பிடிப்பது போலவே கொண்டுவந்து ரத்னபாயின் தலைக்கு மேல் பிடித்தார். அவருடைய தலை வெளியே மழையில் நனைந்தது.

ரத்னபாய் அண்ணாந்து பார்த்தாள். மேலே முழுக்கச் சிவப்பு. சாயம் கரைந்து அவளுடைய வெள்ளைச் சேலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. என்ஸே கையில் கழற்றிப் பிடித்திருந்த தொப்பியும் இதே சிவப்புதான். ஓனிட்சாவுக்கு எவ்வளவோ தூரத்தில், அந்தச் சொல்லைச் சரியாகக் காதில் வாங்கக்கூடத் தெரியாத ஒரு மனிதன், அதற்கு உண்டான மரியாதையைச் செய்துகொண்டிருந்தான்!

அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. மதில் அப்படியேதான் இருந்தது.

ஜஸ்டசின் கையில் நனைந்த குடை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. கீழே வைக்க முடியாது, அது அப்பாவின் குடை. விட்டுவிட்டுப் போகவும் முடியாது, கீழே அக்கா. கடைசியில் திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.

"எடா! வாயப் பொளந்துகிட்டு என்னத்துக்கு நிக்கே? நான் குடை பிடிக்கியது தெரியல்லியா? கல்லை எறக்கடா!"

மூன்று வருடம் பத்து மாதத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் சொல் 'எடா'. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. பிறகு முதல் வெட்டுக்கல் சேற்றில் விழும் சத்தம். பிறகு இரண்டாவது.

விஜயம்மா முக்காட்டைப் பிழிந்துகொண்டு கேட்டாள்: "ரத்னக்கா, இனி காப்பி குடிக்கலாமா?"

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பாதை வழியாகவே வந்தார்கள். வெட்டுக்கல் கிடந்த இடத்தில் புதுமணல் விரித்திருந்தது. பட்டு திட்டுத் திட்டாக வெளுத்துப்போன குடையோடு ஜஸ்டஸ் வாசலில் நின்று, கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அடா! முன்னால வந்து நில்லு. பெண்ண நீ கையப் பிடிச்சு எறக்கணும்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றாள் ரத்னபாய். மாப்பிள்ளையின் மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "என்னவோய், மூத்த அக்காளைப் போய் இம்புட்டு ஆளு முன்னால அடாங்கீரு?"

ஜஸ்டஸ் குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"விளி இல்ல ஓய். பட்டமாக்கும்."